ஜின்ஜியாங்கில் நான்கு மாதம்: கணவருடன் நானும் சீனா போகலாமா?

கனகாம்பரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ தொழிற்சாலையில் லாஸ்டிங் பிரிவில், அதாவது மேல்தோலைக் கால்வடிவ அச்சின் மீது இழுத்துப் பொருத்தும் பிரிவில், வேலை செய்கிறார். இதுவரை தோல் ஷூ மட்டும் செய்துவந்த நிறுவனம் இப்போது விளையாட்டுக் காலணிகளுக்கும் மாறுகிறது. அந்தப் பயிற்சிக்காக ஜூன் முதல் நான்கு மாதம் சீனாவுக்கு அனுப்புகிறார்கள். ஊர் ஃபுஜியன் மாகாணத்து ஜின்ஜியாங். மனைவியையும் அழைத்து வரலாம், வீடு தருகிறோம் என்கிறார்கள்.

நான் பள்ளி ஆசிரியை. ஊதியமில்லா விடுப்பு கிடைக்கும். ஆனால் நான் சுத்த சைவம். சீன மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. மாமியார் வீட்டில், "அவன் காலையில் போனால் இரவுதான் வருவான், நீ நான்கு சுவருக்குள் என்ன செய்வாய்?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. அங்கே குடும்பமாக வாழ்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பாலாற்றங்கரை எழுதியது:

போங்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

நாங்கள் ஆம்பூர். என் கணவரும் காலணித் தொழில்தான். 2023 ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் இறுதிவரை அதே ஜின்ஜியாங்கில், சென்தாய் என்ற பகுதியில் இருந்தோம். வீட்டைவிட்டு இறங்கினால் தெருவெல்லாம் சோல் கடை, லேஸ் கடை, பசைக் கடை. காற்றில் வரும் ரப்பர் வாசனையை முதல் நாளே முகர்ந்துவிட்டு, "இது நம் ஊருக்கு ஒன்றுவிட்ட தம்பி ஊர்" என்றார் அவர்.

உணவைப் பற்றி முதலில் சொல்கிறேன், உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது. நான் அசைவம் சாப்பிடுபவள். செவ்வாய், வெள்ளி மட்டும் கிடையாது. அந்த இரண்டு நாளுக்காகக் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் "வோ சிர் சூ", நான் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கறித் துண்டை எடுத்துவிட்டு அதே குழம்பைக் கொடுத்துவிடுவார்கள். பன்றிக் கொழுப்பும் சிப்பிச் சாறும் அதில் இருக்கும். "சூ" என்பது புத்த மத விரதத்தோடு சேர்ந்த சொல், அதற்கு அங்கே தனி மரியாதை உண்டு. கோயில்களை ஒட்டிச் சைவ உணவகங்கள் இருக்கின்றன. அதே மாகாணத்து ஷியாமென் நகரில் நான்புத்துவோ கோயிலின் சைவச் சாப்பாடு பெயர்பெற்றது. அங்கே பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

சந்தையைப் பார்த்தால் உங்கள் மாமியாரே கிளம்பி வந்துவிடுவார். தண்டுக்கீரை, வள்ளைக்கீரை, பாகற்காய், நுரைப்பீர்க்கு, நீளக் காராமணி, சேப்பங்கிழங்கு எல்லாம் இருக்கும். பச்சைப்பயறும் வேர்க்கடலையும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கிடைக்காதவை துவரம் பருப்பு, உளுந்து, புளி, கறிவேப்பிலை, பெருங்காயம். இவற்றில் உலர்ந்தவற்றை எடுத்துப் போங்கள். கறிவேப்பிலைக்கு நான்கு மாதம் ஏங்கினேன், உண்மை.

வெயில் வேளையில் தெருவில் "ஷிஹுவா காவ்" என்று ஒன்று விற்பார்கள். கண்ணாடி போன்ற துண்டுகள், மேலே தேன். வாயில் வைத்ததும் நின்றுவிட்டேன். நம் ஊரில் ரம்ஜான் மாதத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் கடல்பாசி! நாம் "சைனா கிராஸ்" என்று சொல்வது எந்தக் கரையின் பழக்கம் என்று அன்றுதான் யோசித்தேன்.

குவாங்சௌவாசி எழுதியது:

நான் குவாங்சௌவில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். சகோதரிக்குச் சில நடைமுறைச் செய்திகள்.

விசா வகை உங்கள் கணவர் எந்த விசாவில் போகிறார் என்பதைப் பொறுத்தது. அவருக்கு வேலை விசா என்றால், 180 நாளுக்குள் தங்கும் குடும்பத்தாருக்கு எஸ்2 என்ற வகை உண்டு. நிறுவனத்தை எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விடுதியில் தங்கினால் அவர்களே காவல்துறையில் பதிவு செய்வார்கள். வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். இதில் அலட்சியம் கூடாது.

பணம் முழுவதும் கைபேசியில்தான். 2023 ஜூலையிலிருந்து அலிபே, வீசாட் இரண்டிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைப்பது எளிதாகிவிட்டது. 200 யுவானுக்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதக் கட்டணம் பிடிப்பார்கள்.

ஊரோடு பேசுவதுதான் சிக்கல். அங்கே வாட்ஸ்அப்பும் யூடியூபும் திறக்காது. அங்கே எல்லோரும் பேசப் பயன்படுத்தும் வீசாட் இந்தியாவில் 2020 ஜூன் முதல் தடை. கிளம்பும் முன் இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இணைப்பில் வாட்ஸ்அப் வேலை செய்யும்.

மழைநாள் எழுதியது:

எல்லோரும் போகச் சொல்கிறீர்கள். நான் மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நானும் கணவருடன் போனவள். ஊர் வேறு, அதே மாகாணம். ஆறு வாரத்தில் திரும்பிவிட்டேன். சாப்பாடு காரணமில்லை, மக்களும் காரணமில்லை. யாரும் என்னிடம் தவறாக நடக்கவில்லை. காலை எட்டரைக்குக் கதவு மூடும். இரவு எட்டுக்குத் திறக்கும். நடுவில் என் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வராது. ஒரு நாள் கண்ணாடி முன் நின்று நானே என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அன்றுதான் பயந்தேன். அது எனக்கு நடந்தது, உங்களுக்கும் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் "போங்கள், நன்றாக இருக்கும்" என்று ஒற்றை வரியில் அனுப்பி வைப்பது நியாயமில்லை. வேலையில் இருக்கும் பெண் விடுப்பு எடுத்துப் போகிறாள். அங்கே அவள் யார் என்ற கேள்வி தினமும் வரும்.

பாலாற்றங்கரை எழுதியது:

மழைநாள், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் ஒற்றை வரியில் சொன்னது தவறுதான். முழுவதையும் சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம் எனக்கும் அப்படித்தான். அவர் போனதும் பாத்திரம் தேய்ப்பேன், தேய்த்ததையே மறுபடி தேய்ப்பேன். மாறியது சந்தையில். தோஃபு விற்கும் அம்மா ஒருவர், அறுபது வயதிருக்கும். செவ்வாய், வெள்ளி மட்டும் அதிகமாக வாங்குகிறேன் என்பதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் விரலால் ஏன் என்று கேட்டார். "சூ" என்றேன். உடனே கடையில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி, சந்திர மாதத்தின் முதல் நாளையும் பதினைந்தாம் நாளையும் தொட்டுக் காட்டித் தன் நெஞ்சில் கை வைத்தார். அமாவாசையும் பௌர்ணமியும் அவருக்குச் சைவ நாள்! எங்களுக்குள் மொழி இல்லை, விரதம் இருந்தது. அதிலிருந்து அந்த இரண்டு நாளிலும் எனக்கென்று நல்ல தோஃபுவை ஒதுக்கி வைப்பார்.

அவர் கடைக்குப் பின்னால் ஒரு தேநீர் மேசை. அந்தப் பகுதியில் எந்தக் கடைக்குப் போனாலும் மேசையும் சிறு கிண்ணங்களும் இருக்கும். வருபவர் உட்கார வேண்டும். சந்தை ஓய்ந்த பிறகு பத்தரை மணிக்கு நானும் போய் உட்காருவேன். தினம் பத்துச் சொல் என்று நோட்டில் எழுதினேன். அவர்கள் தங்களுக்குள் பேசுவது மாண்டரின் இல்லை, மின்னான் மொழி. "லிம் தே" என்றால் தேநீர் குடி. நம் தேநீரில் உள்ள "தே" அந்தக் கரையிலிருந்து கப்பலேறிய சொல். சாயாவோ சீனத்தின் மற்ற பகுதிகளில் வழங்கும் "சா"விலிருந்து வந்தது. இது தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வீட்டில் சொல்ல ஆளில்லை, இரவு எட்டு வரை காத்திருந்து இவரிடம் சொன்னேன்.

தனிமை போய்விட்டதா என்றால், இல்லை. பரவிக் கிடந்தது சுருங்கி, பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை என்று அதற்கு ஒரு நேரம் அமைந்தது. அந்த நேரத்தில் ஊரே உறங்கும். நானும் உறங்கப் பழகினேன். நீங்கள் திரும்பியதில் தவறே இல்லை. உங்கள் ஊரில் ஒரு தேநீர் மேசை அகப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆம்பூர்லாஸ்ட் எழுதியது:

மேலே எழுதும் பாலாற்றங்கரை என் மனைவி. அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

கனகாம்பரம் அவர்களே, இதை உங்கள் கணவர் படிக்கட்டும். தோல் ஷூவுக்கும் விளையாட்டுக் காலணிக்கும் கைப்பக்குவமே வேறு. தோலை லாஸ்ட் என்ற அச்சின் மீது இழுத்தால் அது பதில் சொல்லும், எவ்வளவு இழுக்கலாம் என்று விரலுக்குத் தெரியும். துணியும் செயற்கை இழையும் அப்படி இல்லை. பசை, வெப்பம், அழுத்தும் நேரம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவன் மறுபடி மாணவனாக உட்கார்ந்தேன். மனம் முழுவதும் அதிலேயே இருந்தது. முதல் மாதம் இவர் வீட்டில் எப்படி இருக்கிறார் என்று நான் ஒரு முறைகூடச் சரியாகக் கேட்கவில்லை. "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் கேட்டதாக நினைத்துக்கொண்டேன். அது இன்றும் எனக்கு வருத்தம். தொழிற்சாலையில் மதியம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓய்வு உண்டு. வீடு அருகில் இருந்தால் ஓடி வந்துவிடுங்கள். நான் ஜூலையில்தான் தொடங்கினேன், ஜூனிலேயே செய்திருக்க வேண்டும்.

கனகாம்பரம் எழுதியது:

அண்ணா, இதை அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வீடு தொழிற்சாலைக்கு எவ்வளவு தூரம் என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார்.

மழைநாள் அக்கா, நீங்கள் எழுதியதற்கும் நன்றி. அங்கே புயல் வரும் என்கிறார்களே, அது பற்றியும் யாராவது சொல்லுங்கள். ஊர் சுற்றிப் பார்க்க முடிந்ததா?

பாலாற்றங்கரை எழுதியது:

புயலை மறைக்க மாட்டேன். 2023 ஜூலை 28 காலை பத்து மணிக்குச் சற்று முன் தோக்சூரி கரையைக் கடந்தது எங்கள் ஜின்ஜியாங் கடற்கரையில்தான். விநாடிக்கு 50 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். வர்தாவைச் சென்னையில் பார்த்தவள் நான். இது அதைவிடப் பெரிது.

முந்தைய நாளே தொழிற்சாலை மூடி, ரயில் நிறுத்தி, கைபேசிக்கு எச்சரிக்கை வந்தபடி இருந்தது. தரைத்தளத்துப் பாட்டி ஒரு டேப் சுருளோடு மேலே வந்து, எங்கள் சன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். அரிசி என்ற சொல்லுக்கான சீன எழுத்தின் வடிவில் ஒட்ட வேண்டுமாம். வாளிகளில் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். காலையில் சன்னல் சட்டம் உள்ளே வளைவதைக் கண்ணால் பார்த்தோம். குளியலறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் போனது, மோட்டார் ஓடாததால் தண்ணீரும் போனது. மதியம் பாட்டி எல்லா மாடிக்காரர்களையும் கூப்பிட்டுச் சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கஞ்சி ஊற்றினார். அம்மாவிடம் பேச இரவாகிவிட்டது. அவர் தொலைக்காட்சி முன்னால் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தார். எனவே, ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்தால் வெளியூர்ப் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி பயணம். வாரத்துக்கு ஒரு ஞாயிறுதான் எங்களுக்கு விடுமுறை, ஆனாலும் பார்த்தோம். ரயில் டிக்கெட் 12306 செயலியில் 15 நாள் முன்பே திறக்கும். கோடையில் பள்ளி விடுமுறை, சீனமே பயணம் செய்கிறது; திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

துலோவ் என்ற மண்கோட்டை வீடுகளுக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. இறங்க வேண்டிய ஊரின் பெயர் நான்ஜிங். முன்னாள் தலைநகரான பெரிய நான்ஜிங்குக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டு அதேதான், சீன எழுத்தும் ஓசையும்தான் வேறு. பார்க்காமல் எடுத்தால் வேறு மாகாணத்துக்குப் போய்விடுவீர்கள். தியென்லுவோகெங் என்ற சிற்றூரைக் குன்றின் மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு சதுர வீடு, சுற்றி மூன்று வட்ட வீடு, ஒரு நீள்வட்ட வீடு தெரியும். நாலு கறி, ஒரு சூப் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் 46 துலோவ்கள் சேர்ந்தன. உள்ளே இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. முற்றத்தில் புகையிலை காய்கிறது, கோழி திரிகிறது. அன்றிரவு அடிவாரத்து விடுதி ஒன்றில், முன்பதிவு இருந்தும், வெளிநாட்டவரைப் பதிவு செய்யத் தெரியாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரவு ஒன்பது மணி, மழை. அங்கே இருந்த இளம்பெண்ணே தன் ஸ்கூட்டரில் வழிகாட்டி இன்னொரு விடுதியில் விட்டுவிட்டுப் போனாள். 2024இல் அரசு, வெளிநாட்டவரை மறுக்கக் கூடாது என்று அறிவித்துவிட்டது. ஆனாலும் சிற்றூர்களில் முன்பே கேட்டுவிடுங்கள்.

குலாங்யூ தீவு அழகுதான், கூட்டம் தாங்கவில்லை. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஷுன்பு என்ற மீனவக் கிராமத்துக்கு அவசியம் போங்கள், உங்கள் பெயருக்கே பொருத்தம்! அங்கே வயதான பெண்கள் கொண்டை போட்டு, அதைச் சுற்றி மொட்டு மொட்டாகக் கட்டிய பூச்சரத்தை வட்டம் வட்டமாக வைத்துக்கொண்டு மீன் விற்கிறார்கள். மல்லிகையும் உண்டு. நான் தலையில் பூ வைத்துப் போயிருந்தேன். ஒரு கிழவி என் பின்னலைப் பிடித்துப் பார்த்து, சரம் கட்டிய முடிச்சை ஆராய்ந்தார். சுவர்கள் சிப்பி ஓடு பதித்தவை.

கடைசியாக சுவான்சௌ. ஜின்ஜியாங்கிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். காய்யுவான் கோயில், 686இல் தொடங்கியது. பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போங்கள், முன்பக்கக் கூட்டம் அங்கே வராது. பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு நிற்கும். அவற்றில் வட்டத்துக்குள் வட்டமாகச் சிற்பங்கள். நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். குழந்தைக் கண்ணன் இரட்டை மருத மரங்களுக்கு நடுவே உரலை இழுக்கிறான். சுற்றிலும் சீனப் பாட்டிகள் ஊதுவத்தியோடு புத்தரை வணங்குகிறார்கள், நான் தூணைக் கட்டிக்கொண்டு அழுதேன். மூன்று மாதமாக அந்த ஊரில் நான்தான் அந்நியள் என்று நினைத்திருந்தேன்.

திசையாயிரம் எழுதியது:

அந்தத் தூண்கள் அங்கே கட்டப்பட்டவையல்ல. இடிந்துபோன ஒரு சிவாலயத்தின் கற்களைப் பிற்காலத்தில் புத்தர் கோயிலைப் புதுப்பித்தபோது பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதே ஆய்வாளர் முடிவு.

அதே நகரில் 1956இல் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. சகாப்தம் 1203, சித்திரை மாதம்; பொது ஆண்டு 1281. மங்கோலிய அரசர் குப்லாய் கான் சீனத்தை ஆண்ட காலம். தவச்சக்கரவர்த்திகள் என்ற சம்பந்தப் பெருமாள், கானின் திருமேனி நலத்துக்காக இறைவனை எழுந்தருளச் செய்தார் என்று தமிழில் சொல்கிறது. அடியில் சீன எழுத்து. சோழர் தூதுக்குழுக்கள் சீனம் சென்ற ஆண்டுகள் 1015, 1033, 1077. அரசர் தூது வந்து போகும், கோயில் கட்டியவர்கள் தங்கியவர்கள். அவர்கள் அந்தச் சந்தையில் என்ன வாங்கினார்கள், யாரிடம் பேசினார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. அதனால்தான் பாலாற்றங்கரை அம்மா எழுதும் தோஃபுக் கதையை நான் அவ்வளவு கவனமாகப் படிக்கிறேன்.

வெள்ளவத்தை எழுதியது:

எங்கள் கொழும்பு அருங்காட்சியகத்தில் மறுதலையான கல் இருக்கிறது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ அவர்களின் கப்பற்படை கொண்டுவந்தது, காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரைப் போற்றுகிறது. இங்கே வந்த சீனர்கள் தமிழில் எழுதினார்கள், அங்கே போன தமிழர் சீனக் கானுக்காக வேண்டினார்.

"தே" பற்றிய செய்தி அருமை. நாங்கள் இன்றும் தேத்தண்ணீர் என்றுதான் சொல்கிறோம்.

மழைநாள் எழுதியது:

கனகாம்பரம், என் கருத்தைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் போவதென்றால் ஒன்று செய்யுங்கள். திரும்பும் டிக்கெட்டின் தேதியை மாற்றக்கூடியதாக எடுங்கள். முடியவில்லை என்றால் வந்துவிடலாம் என்ற கதவு திறந்திருந்தால் தங்குவது எளிது. எனக்கு அந்தக் கதவு இல்லை. சண்டை போட்டுத்தான் திரும்ப வேண்டியிருந்தது.

கனகாம்பரம் எழுதியது:

விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே தேதி மாற்றக்கூடிய டிக்கெட்தான், அக்கா. வீடு சென்தாயிலேயே, தொழிற்சாலைக்கு நடக்கும் தூரம் என்று பதில் வந்திருக்கிறது. பாலாற்றங்கரை அக்கா, உங்களுக்கு அங்கிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டுமா?

பாலாற்றங்கரை எழுதியது:

கொண்டுவர ஒன்றும் வேண்டாம், கொண்டுபோக ஒன்று உண்டு. சந்தையின் மேற்கு வாசலில் நுழைந்து வலப்பக்கம் மூன்றாவது கடை. நீல ஏப்ரன், இடது காதில் மட்டும் தோடு. போகும் முன் ஆம்பூர் வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, என் புகைப்படத்தையும் ஒரு கட்டுச் சந்தன ஊதுவத்தியையும் வாங்கிக்கொள்ளுங்கள். சந்திர மாதத்து முதல் நாளில் போய்க் கொடுங்கள். "சூ" என்று சொன்னால் போதும், அவருக்குப் புரியும்.